பாஸ்தா என்றால் மணக்கும், மாட்டுக்கறி என்றால் நாறுமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. சென்னையில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து இருக்கும் வாடகை வீட்டின் சமையலறையில், பூண்டையும் வெங்காயத்தையும் வெண்ணெயில் வதக்கி, மாட்டுக் கொத்துக்கறியும் மிளகும் சேர்த்து, கடைசியில் கிரீம் ஊற்றி ஒரு சட்டி பாஸ்தாவை இறக்கி வைத்தேன். குப்பையைக் கொட்டக் கீழே இறங்கினால், வீட்டுக்காரம்மா வாசலில் நின்றிருந்தார்.

"என்னம்மா சமையல்? வாசனை தெரு வரைக்கும் தூக்குது."

"பாஸ்தா ஆன்ட்டி."

"அதானே பார்த்தேன். என் பேத்திக்கும் பாஸ்தான்னா உயிர். ஒருநாள் எப்படிச் செய்யறதுன்னு எனக்கும் சொல்லிக்கொடு."

சிரித்துத் தலையாட்டிவிட்டு மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான் பொய் சொல்லவில்லை. சட்டியில் இருந்தது பாஸ்தாதான். ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. மாட்டுக்கறி என்ற சொல் தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. மேடையில் உணவு உரிமை பற்றிப் பேசியிருக்கிறேன், கட்டுரை எழுதியிருக்கிறேன். இரண்டு படி இறங்கி வீட்டுக்காரம்மாவிடம் ஒரு சொல்லைச் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை, வீடு தேடிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்த வீடு கிடைப்பதற்கு முன் ஏழு வீடுகள் பார்த்தோம். எங்கும் யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்கவில்லை. "சொந்த ஊர் எது?", "ஊர்ல எந்தத் தெரு?", "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். இந்த வரிசையில் கடைசியாக வரும் கேள்வி, "நான்வெஜ் சமைப்பீங்களா?" முந்தைய கேள்விகளில் தப்பியவர்களைப் பிடிக்கிற சல்லடை அது.

இந்த வீட்டுக்காரம்மா சைவம் இல்லை. ஞாயிறு தவறாமல் கீழ்வீட்டில் கோழியோ ஆடோ கொதிக்கும். வஞ்சரம் வறுக்கும் வாசனை எங்கள் அறைக்குள் வரும். முன்பணம் வாங்கும்போது அவர் போட்ட நிபந்தனை இதுதான்: "கோழி, மீன், மட்டன் எல்லாம் தாராளமா சமைச்சுக்கோங்க. அது மட்டும் வேண்டாம்."

'அது' என்றுதான் சொன்னார். அதற்குப் பெயர்கூடச் சொல்லவில்லை. நாங்களும் எது என்று கேட்கவில்லை. கேட்காமலேயே புரிந்துகொள்கிற அளவுக்கு இந்தச் சமூகம் நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. இதைச் சைவ உணவுப் பழக்கம் என்றோ, உயிர் மேல் இரக்கம் என்றோ யாரும் சொல்ல முடியாது. ஆட்டின் உயிருக்கு இல்லாத இரக்கம் மாட்டின் உயிருக்கு மட்டும் எங்கிருந்து வரும்? பார்ப்பனர் வீட்டுச் சமையலறையைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஆடும் கோழியும் தின்றுகொண்டே 'அது மட்டும் வேண்டாம்' என்று சொல்லும் சமையலறைகள்தான் தமிழ்நாட்டில் அதிகம். அவற்றைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம்.

அடுத்த வாரம் ஊரிலிருந்து அம்மா வந்தார். எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். அம்மா ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். பையைத் திறந்து தேங்காய், முருங்கைக்காய், பழைய சேலைத்துணி என்று ஒவ்வொன்றாக எடுத்தார். அடியில் ஒரு தூக்குவாளி. அதன் வாயைப் பிளாஸ்டிக் கவரால் இரண்டு சுற்றுக் கட்டியிருந்தார். உள்ளே உப்புக்கண்டம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாட்டுக்கறியை நீள நீளமாகக் கிழித்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் கட்டிவிடுவார்கள். காக்கா வராமல் இருக்கப் பக்கத்திலேயே ஒரு பிள்ளையை உட்கார வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான். நன்றாகக் காய்ந்த பிறகு பானையில் போட்டு வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் நாலு துண்டை எடுத்து நெருப்பில் சுட்டு, அம்மியில் தட்டி, வறுத்துக் கொடுத்தால் ஒரு சட்டி களி உள்ளே போகும். ஃப்ரிட்ஜ் இல்லாத மக்கள் கண்டுபிடித்த சேமிப்பு அது.

எதற்காக அத்தனை கவர் என்று கேட்டேன். "பஸ்ல வாசன வந்தா எறக்கி விட்டுட்டா?" என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில், மாட்டுக்கறி எடுத்துச் சென்ற தலித் பெண் ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கி விட்டார்கள். செய்தி வெளியே வந்த பிறகு ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அம்மாவுக்கு இந்தச் செய்தி தெரியும். அவர் வயதில் இருக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்று மாலை அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தபோது நான் தடுத்தேன். "இங்க வேணாம்மா. கீழ வாசன போகும்."

"போன வாரம் கறி செஞ்சேன்னு போன்ல சொன்ன?"

"அது பாஸ்தா. அது வேற வாசன."

அம்மா சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்டி, ஒரே கறிதான? நீ செஞ்சா மணக்குது, நான் செஞ்சா நாறுதா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எழுதியதுதான். அன்று என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால், மாட்டுக்கறிக்கு எதிரான அருவருப்பு கறியைப் பார்த்து வருவதில்லை. ஊரில் ஒரு பெரிய உணவகத்தில் 'பீஃப் ஸ்டீக்' என்று அட்டையில் அச்சாகியிருந்தால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பர்கருக்குள் வைத்தால் அது நவீனம். பாஸ்தாவில் போட்டுக் கிரீம் ஊற்றினால் அது இத்தாலி. அதே கறியைத் தெருமுனைத் தள்ளுவண்டியில் மிளகாய் போட்டு வறுத்தால் சேரி. மூக்குக்குத் தெரிவது கறியின் வாசனை இல்லை, சமைத்த கையின் சாதி. வீட்டுக்காரம்மாவின் மூக்கு என் பாஸ்தாவைப் பாராட்டியதற்குக் காரணம், அந்த வாசனை எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லாத வாசனையாக இருந்ததுதான். உப்புக்கண்டத்துக்கு ஒரு தெரு இருக்கிறது. அதனால்தான் நான் சட்டியை இறக்கச் சொன்னேன்.

தனி வீடுகள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப் போவதாக அறிவித்தது. கோழிக்கும் ஆட்டுக்கும் இடம் இருந்தது, மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடம் இல்லை. ஆம்பூரில், தோல் தொழிற்சாலைகளின் நடுவே, மாட்டுக்கறிப் பிரியாணிக்குப் பெயர் போன ஊரில்! எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இப்படி விலக்குவது பாகுபாடு ஆகாதா என்று மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மாட்டின் தோலில் ஷூ தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினால் அந்நியச் செலாவணி. அந்த மாட்டின் கறியை அதே ஊரில் அரசு விழாவில் பரிமாறினால் பிரச்சினை. வீட்டுக்காரம்மா சொன்ன 'அது மட்டும் வேண்டாம்' இங்கே அரசு நிகழ்ச்சி நிரலாக வந்தது.

சரி, சமையலுக்கு வருகிறேன். என் முதல் பாஸ்தா வாசனையில் வென்றதே தவிர, வாயில் தோற்றுவிட்டது. கறி ரப்பராக இருந்தது. நான் பார்த்த வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கொத்துக்கறியைப் பத்து நிமிடம் வதக்கி, கிரீம் ஊற்றி, "டின்னர் ரெடி" என்று சொல்லிவிட்டாள். அவள் சமைத்தது கறிக்காகவே வளர்த்த இளம் மாடு. நமக்குக் கிடைப்பது அதுவல்ல. 1958 ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். பசுவை அறுப்பதை 1976 இல் ஓர் அரசாணை முழுவதுமாகத் தடுத்தது. அரசியல் சட்டத்தின் 48 ஆவது பிரிவும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. ஆக, நம் தட்டில் விழும் கறி வாழ்நாளெல்லாம் வண்டியும் ஏரும் இழுத்துக் கிழமான கறி. நம் அம்மாக்கள் ஏன் அத்தனை நேரம் வேக வைக்கிறார்கள் என்பதற்குக் காரணம் அவர்களுடைய அறியாமை இல்லை. சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதை அவர்கள் குக்கர் விசிலில் கணக்கிடுகிறார்கள்.

அம்மாதான் மறுநாள் இதைச் சரி செய்தார். கோபம் இருந்தது. ஆனாலும் நான் கறியைக் கெடுப்பதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. அரைக் கிலோ கொத்துக்கறியைக் கழுவிப் பிழிந்து, ஒரு துண்டு பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துப் பிசறி அரை மணி நேரம் வைத்தார். பிறகு உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் ஆறு விசில். வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, ருசி முழுக்க அதில்தான் என்றார். நான் வெண்ணெயில் பத்துப் பல் பூண்டையும் இரண்டு வெங்காயத்தையும் பொன்னிறமாக வதக்கி, வெந்த கறியைக் கொட்டித் தண்ணீர் சுண்டும் வரை கிளறினேன். கைநிறைய இடித்த மிளகு. கால் கிலோ பாஸ்தாவை உப்புத் தண்ணீரில் முக்கால் பதமாக வேக வைத்து, அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்துக்கொண்டேன். அடுப்பைச் சிறிதாக்கிய பிறகுதான் கிரீம் ஊற்ற வேண்டும், கொதிக்கிற சட்டியில் ஊற்றினால் திரிந்துவிடும். பாஸ்தாவையும் எடுத்து வைத்த கஞ்சியையும் சேர்த்துப் புரட்டி இறக்கினேன்.

அம்மா ஒரு வாய் எடுத்து மென்றார். "கஞ்சில கறியப் போட்ட மாதிரி இருக்குது" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் வை."

அந்தச் சட்டியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், தோழர்களே. அதில் பாலாடையும் மாட்டுக்கறியும் ஒன்றாகக் கிடக்கின்றன. இரண்டும் மாட்டிடமிருந்து வந்தவை. ஒன்று அபிஷேகத்துக்குப் போகிறது. மற்றது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. மாட்டின் சாணமும் மூத்திரமும் பஞ்சகவ்யத்தில் சேர்ந்தால் தீட்டைக் கழிக்கும். அதன் கறி தொட்டால் தீட்டு. எந்த விலங்கின் உடலிலும் இல்லாத இந்தக் கோட்டைப் போட்டது யார்? மாட்டின் மடியைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, அது செத்தால் தூக்குகிற வேலையை வேறொரு மக்களின் தலையில் கட்டியவர்கள்தான்.

பொருளாதாரமாகப் பார்த்தாலும் பாலையும் கறியையும் பிரிக்க முடியாது. மாடு பால் தர வேண்டுமானால் கன்று ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக்கன்று. ஏர் ஓட்ட டிராக்டர் வந்துவிட்ட பிறகு அந்தக் கன்றுக்கு ஊரில் வேலை இல்லை. பால் வற்றிய மாட்டுக்கும் சாகும்வரை தீவனம் போட எந்தச் சிறு விவசாயியாலும் முடியாது. அதை அடிமாடாக விற்றால் வரும் பணம்தான் அடுத்த மாட்டுக்கு முன்பணம். உலகத்தில் அதிகமாகப் பால் கறக்கும் நாடு இந்தியா. எருமைக்கறி ஏற்றுமதியிலும் இந்தியா முன்வரிசையில் இருக்கிறது. இந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று முரண்பட்டவை இல்லை, ஒரே தொழிலின் இரண்டு முனைகள். காலையில் ஃபில்டர் காபி குடிக்கிற ஒவ்வொருவரும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

இந்தச் சங்கிலியை 2017 மே மாதம் ஒன்றிய அரசு அறுக்கப் பார்த்தது. கால்நடைச் சந்தைகளில் மாட்டை அறுப்புக்காக விற்கக் கூடாது என்று விதிகள் கொண்டுவந்தது. சென்னை ஐஐடி மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து நடத்தி எதிர்த்தார்கள். அதில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு நாள் கழித்து வளாகத்துக்குள்ளேயே தாக்கப்பட்டார். மே 30 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. வடக்கே நிலைமை இன்னும் கொடுமை. 2015 செப்டம்பரில் தாத்ரி அருகே முகமது அக்லாக் கொல்லப்பட்டபோது, கும்பல் தேடியது அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் இருந்த கறியை. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் சுரேந்திரநகரில் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுவந்து ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்பதுதான் அந்தப் போராட்டம் சொன்ன செய்தி.

பாஸ்தாவின் ஊரில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ரோம் நகரில் டெஸ்டாச்சோ என்று ஒரு பகுதி. 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பெரிய இறைச்சிக்கூடம் கட்டினார்கள், 1975 வரை இயங்கியது. நல்ல கறியெல்லாம் பணக்காரர்களுக்குப் போன பிறகு மிஞ்சும் குடல், வால், நாக்கு, ஈரல் ஆகியவற்றைத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஐந்தாவது கால்பங்கு'. அந்தத் தொழிலாளர் வீடுகளில் பிறந்த ஒரு பாஸ்தாவுக்குப் பெயர் 'ரிகடோனி கோன் லா பயாத்தா'. பால்குடி மாறாத கன்றின் குடலைக் கழுவித் துடைக்காமல், அதற்குள் இருக்கும் பாலோடு சமைப்பார்கள். சூட்டில் அந்தப் பால் திரண்டு தானாகவே கிரீம் ஆகிவிடும். கடையில் வாங்கிய கிரீமை நான் ஊற்றுவதற்கு வெகுகாலம் முன்பே, ஏழைகளின் சட்டியில் மாடும் பாலும் பாஸ்தாவும் சேர்ந்துவிட்டன. மாட்டு வாலைத் தக்காளியும் செலரியும் சேர்த்து வேக வைக்கும் 'கோதா அல்லா வச்சினாரா' என்ற இன்னொரு உணவின் பெயரிலேயே மாடறுத்துத் தோல் உரிக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இன்று இரண்டும் ரோமின் பெருமை. சுற்றுலாப் பயணிகள் தேடிப் போய்ச் சாப்பிடுகிறார்கள்.

அங்கே வர்க்க இழிவு இல்லை என்று சொல்லவில்லை. இருந்தது. ஆனால் மாட்டுத் தோல் உரித்தவரின் சாப்பாட்டை அந்த நகரம் ஒரு கட்டத்தில் தன் சாப்பாடு என்று ஏற்றுக்கொண்டது. தோல் உரித்தவரின் பேரனைத் தீட்டு என்று அது ஒதுக்கவில்லை. நம் ஊரில் தோல் உரித்தவரின் உணவு, அவர் பேத்தி கணினி முன் உட்கார்ந்து சம்பாதிக்கும்போதும் பிளாஸ்டிக் கவருக்குள் ஒளிந்து பஸ்ஸில் வருகிறது. வர்க்கம் மாறினால் ருசி ஊர் ஏறும். சாதியில் ருசிக்கும் தெரு உண்டு.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைவுபடுத்தாமல் போக முடியாது. 1948 இல் வெளியான 'தீண்டப்படாதவர்கள் யார்?' என்ற நூலில், ஒரு காலத்தில் பார்ப்பனர்களும் மாட்டுக்கறி தின்றவர்கள்தான் என்பதை அவர்களுடைய நூல்களிலிருந்தே எடுத்துக் காட்டினார். அவர்கள் அதை விட்ட பிறகும் விடாமல் சாப்பிட்டவர்கள் மீது தீண்டாமை சுமத்தப்பட்டது என்று வாதிட்டார். அதே அம்பேத்கர்தான் 1927 இல் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் கறியைச் சாப்பிடுவதை விட்டுவிடுங்கள் என்று நம் மக்களைக் கேட்டுக்கொண்டார். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. செத்த மாட்டைத் தூக்கு, அதுவே உன் கூலி என்ற அடிமைத்தனத்தை அவர் உதறச் சொன்னார். சந்தையில் விலை கொடுத்து வாங்கிச் சமைப்பது அந்தக் கூலி அல்ல, உரிமை.

அதனால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கறி சாப்பிடாத தலித்துகளும் இருக்கிறார்கள். என் அத்தை முப்பது வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேலி கேட்கக் கூடாது என்பதற்காக விட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. மாட்டுக்கறி சாப்பிடுவதுதான் தலித் அடையாளம் என்று அளவுகோல் வைப்பதும் ஒரு வகை சல்லடைதான். என் கேள்வி சாப்பிடுகிறவர்களையும் விட்டவர்களையும் நோக்கி இல்லை. அவர்களை விட வைத்தவர்களை நோக்கி.

நம் கூட்டங்களுக்கு வருகிற ஆதிக்கச் சாதித் தோழர்களையும் நோக்கித்தான். பீஃப் பர்கரோடு படம் எடுத்துப் போடுகிறீர்கள். நல்லது, மகிழ்ச்சி. அதற்கு விருப்பக்குறிகள் குவிகின்றன. அதே படத்தை என் அம்மா உப்புக்கண்டத்தோடு போட்டால் என்ன குவியும் என்று உங்களுக்கும் தெரியும். உங்களுக்கு அது ஒரு மாலை நேரக் கலகம், எங்களுக்கு வாடகை ஒப்பந்தம். வெளியே கடையில் எதைச் சாப்பிட்டீர்கள் என்பதை வைத்துச் சாதி ஒழிந்ததா என்று கணக்குப் பார்க்க முடியாது. உங்கள் வீட்டு அடுப்பில், உங்கள் அம்மா பார்க்க, அவர் தினமும் புழங்கும் சட்டியில் அந்தக் கறி ஏறுமா? சமைத்தவரும் உங்களோடு அதே சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவாரா? உங்கள் வீட்டு மாடி காலியானால், 'டு லெட்' பலகையைப் பார்த்து வரும் பெண்ணிடம் உங்கள் அப்பா என்ன கேட்பார்? அந்தக் கேள்வியை அவர் கேட்கும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள்?

இது மனமாற்றம் மட்டும் சார்ந்த விஷயமும் இல்லை. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் பற்றித் தமிழ்நாட்டில் 2017 இல் ஒரு சட்டம் வந்தது. வாடகையை எழுத்தில் பதிவு செய்வது, முன்பணம், காலி செய்வது எல்லாவற்றையும் பேசுகிறது. சாதி, மதம், உணவு பார்த்து வீடு மறுப்பதைப் பற்றி மட்டும் பேசவில்லை. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 17 ஆவது பிரிவு சொல்லி எத்தனை ஆண்டுகள் ஆகின்றன! தீண்டாமை இன்று டம்ளரில் மட்டும் இல்லை, வாடகைப் பேச்சிலும் இருக்கிறது. உணவைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைப் பாகுபாடு என்று அந்தச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். சமூகநீதி பேசும் எந்தக் கட்சியிடமும் தேர்தல் நேரத்தில் நாம் வைக்கக்கூடிய எளிய கோரிக்கை இது.

இன்னொரு வேலையையும் நாமே செய்யலாம். மராத்வாடாவின் மகர், மாங் மக்களின் சமையலை ஷாகு பட்டோலே மராத்தியில் 2015 இல் புத்தகமாக எழுதினார். 2024 இல் அது ஆங்கிலத்தில் வந்தது. அன்னமே முழுமையான பிரம்மம் என்ற மராத்திப் பழமொழியைத் திருப்பிப்போட்டு, எங்கள் உணவு இல்லாத உங்கள் பிரம்மம் முழுமை இல்லாதது என்று அவர் தலைப்பு வைத்தார். நம் அம்மாக்களின் கைப்பக்குவத்தை நாம் எப்போது எழுதப் போகிறோம்? சுவரொட்டி, போட்டி, நெஞ்செலும்புக் குழம்பு, உப்புக்கண்டம் என்று அவரவர் வீட்டில் ஒரு பட்டியல் இருக்கும். பாஸ்தாவின் அளவைக் கிராம் கணக்கில் எழுதி வைத்திருக்கிற நான், உப்புக்கண்டத்துக்கு எவ்வளவு உப்பு என்று இந்த வயது வரை அம்மாவிடம் கேட்டதில்லை.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, எண்ணெய்ச் சட்டியை நானே அடுப்பில் வைத்தேன். உப்புக்கண்டத்தை வறுத்தோம். ஜன்னலைத் திறந்து வைத்தோம். "வேணாண்டி, உனக்குத்தான் பிரச்சன" என்று அம்மா இரண்டு முறை எழுந்து சாத்தப் போனார். நான் விடவில்லை. அறைத் தோழிகள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சோறும் ரசமும் உப்புக்கண்டமும் சாப்பிட்டோம்.

காலையில் அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தபோது வீட்டுக்காரம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "ராத்திரி என்னம்மா, ஒரு மாதிரி வாசனை?"

"மாட்டுக்கறி ஆன்ட்டி. எங்கம்மா ஊர்லேருந்து கொண்டுவந்தது. அன்னைக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே, அந்தப் பாஸ்தாவிலேயும் அதுதான் போட்டிருந்தேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஒருவேளை வீடு தேடும் படலம் மறுபடி தொடங்கலாம். தொடங்கினால், "நான்வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்கும் தரகரிடம் இந்த முறை முழுப் பதிலையும் சொல்லிவிடுவதாக நாங்கள் மூவரும் முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டுக்காரம்மாவின் பேத்திக்குப் பாஸ்தா சொல்லிக்கொடுக்க நான் இப்போதும் தயார்தான். கறியின் பெயரைச் சொல்லித்தான் சொல்லிக்கொடுப்பேன்.